பி.டி. பருத்திக்கும் கருங்கிளை வரும்

"பி.டி. விதைதானே போட்டோம், கருங்கிளை என்ற பாக்டீரியா நோய் எப்படி வந்தது?" மழை பிடித்தால் போதும், கருகிய இலையும் இந்தக் கேள்வியும் சேர்ந்தே வரும். பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. அதன் மரபணு செடிக்குள் ஒரு புரதத்தை உண்டாக்கும். தின்ற காய்ப்புழு குடல் புண்ணாகிச் சாகும். அவ்வளவுதான் அதன் வேலை. கருங்கிளையைத் தரும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குக் குடலே கிடையாது ஐயா! பொட்டலத்தில் பி.ஜி. 2 (போல்கார்டு 2 என்ற பி.டி. வகை) என்று இருந்தாலும் புழுவுக்குத்தான் இரண்டு மரபணு, நோய்க்கு ஒன்றுமில்லை.

நோய் எதிர்ப்புக்கு வேறு மரபணுக்கள் வேண்டும். சூடானின் ஷம்பாட்டில் பருத்தி ஆராய்ச்சியாளர் ஆர். எல். நைட் 1930களின் இறுதியிலேயே அவற்றைப் பிரித்துக் காட்டத் தொடங்கினார்: பி1, பி2, பி3 என்று நீளும் வரிசை. (இந்தப் 'பி'க்கும் பி.டி.க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) பி6 நம் நாட்டுப் பருத்தி கருங்கண்ணியின் இனமான ஆர்போரியத்திலிருந்து அமெரிக்கப் பருத்திக்குப் போனது. ஆர்போரியத்துக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. நேரடியாகக் கலந்தால் மலட்டுச் செடிதான் மிஞ்சும். அதனால் மரபணுவைச் சுற்றுவழியில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

எதிர்ப்புச் செடியை நல்ல இழையுள்ள ரகத்தோடு கலந்து, அதே ரகத்தோடு ஆறு முறை பிற்கலப்பு செய்தால் 99 சதவீதம் பழைய ரகம் திரும்பிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் பாக்டீரியாக் கரைசலை இலையின் அடிப்புறத்தில் விசையாக அடிக்க வேண்டும். மேலே அடித்தால் வழிந்து போகும். இரண்டு வாரத்தில் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட காகிதம்போல நீர் கோத்த கோணப் புள்ளி இருந்தால் பிடுங்கி எறியலாம். உலர்ந்த பொட்டு மட்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

தவறு நடப்பது வறண்ட நாட்களில். ஈரமில்லாமல் தொற்றே ஏறாத செடியை 'எதிர்ப்பு' என்று குறித்துவிடுகிறார்கள். பக்கத்தில் நோய் வாங்கும் ரகம் ஒரு வரிசை நிற்கட்டும். அது கருகாவிட்டால் அன்றைய மதிப்பெண் செல்லாது. ஒரே மரபணுவை நம்பியும் உட்காராதீர்கள்: பி2, பி6 இரண்டும் சேர்ந்த ரகங்களையே சூடானில் புதிய நோய் இனம் உடைத்தது.

விவசாயிகள் கடையில் கேட்க வேண்டியது, "கருங்கிளை தாங்குமா?" என்பதை. சொந்த விதை என்றால் அதில் ஒட்டிய பஞ்சை நீக்கக் கிலோவுக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம், பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி, கையுறை. காபி நிறம் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் கிளறி, உடனே தண்ணீர் நிறைய ஊற்றி, நான்கைந்து முறை கழுவி, மிதக்கும் பொக்கு விதையை வாரிக் கொட்டுங்கள். பஞ்சில் ஒட்டிய கிருமி போகும், விதைக்குள் இருப்பது போகாது. கடைப் பொட்டல விதை ஏற்கெனவே அமிலம் கண்டது. அதை மறுபடியும் முக்கி முளைப்பைக் கெடுத்துவிட்டு விதை சரியில்லை என்று வராதீர்கள்.