அட்டெனுவேஷன்: தணிவா, மெலிவா?

நிலநடுக்கவியலைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இடறும் சொற்களில் ஒன்று அட்டெனுவேஷன். லத்தீனில் ‘டெனுவிஸ்’ என்றால் மெல்லிய. ‘அட்டெனுவாரே’ என்றால் மெல்லியதாக்குவது. வடமொழி ‘தனு’வும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

நில அதிர்வு அலை போகப் போக வலுவிழப்பதையே இது குறிக்கிறது. அலை விரிந்து பரவுவதால் வீச்சு குறைவது தனிக் கணக்கு. அது போக, பாறைக்குள் உராய்வில் ஆற்றல் வெப்பமாவது ஒன்று, விரிசல்களில் பட்டுச் சிதறுவது இன்னொன்று. அதிர்வெண் கூடிய அலைகள்தான் சீக்கிரம் தேயும். நாலு தெரு தள்ளித் திருவிழா நடந்தால் பாட்டு வரி புரியாது, மேளத்தின் ‘திம் திம்’ மட்டும் வந்து சேரும் இல்லையா, அதுபோல.

இதன் அளவுக்கு ‘கியூ’ என்று பெயர். கியூ கூடினால் இழப்பு குறைவு. ‘தரக் காரணி’ என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் மின்சுற்றுக் கணக்கில் இந்த எழுத்தை முதலில் வைத்த கே. எஸ். ஜான்சன், மற்ற எழுத்தெல்லாம் தீர்ந்துபோனதால்தான் இதை எடுத்தாராம். தரம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது! நிலநடுக்கப் பதிவின் கடைசியில் இழுத்துக்கொண்டே போகும் பகுதி ‘கோடா’, இத்தாலிய மொழியில் வால். அந்த வால் தேயும் வேகத்தை வைத்துக் கியூவைக் கணிக்கலாம். 1969இல் இந்த வாலைச் சிதறிய அலைகளாக ஆராய்ந்து வழி திறந்தவர் கெய்ட்டி அகி. ‘வால் அலை’ என்றே எழுதலாம், தப்பில்லை.

2011 ஆகஸ்ட் 23இல் வர்ஜீனியாவில் வந்தது 5.8 அளவு நடுக்கம்தான். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாஷிங்டன் நினைவுத்தூண் விரிசல் விட்டது, கனடா வரை அதிர்வு தெரிந்தது. அங்கே பூமியின் மேலோடு பழையது, குளிர்ந்தது, கியூ அதிகம். கலிஃபோர்னியாவின் நொறுங்கிய நிலத்தில் இதே அளவு நடுக்கம் அவ்வளவு தூரம் போவதில்லை.

இந்த இழப்பைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் மூலத்தின், அதாவது நடுக்கம் பிறந்த இடத்தின், கணக்கும் கெடும். வழியில் தேய்ந்ததை, மூலத்திலேயே இல்லை என்று நினைத்துவிடுவோம். நடுக்கத்தின்போது பிளவில் பாறையின் இறுக்கம் எவ்வளவு குறைகிறது என்பது தகைவு வீழ்ச்சி; எந்த அதிர்வெண்ணுக்கு மேல் மூலத்தின் அலைவலு சரியத் தொடங்குகிறதோ, அது மூலை அதிர்வெண். 1970இல் ஜேம்ஸ் புரூன் தந்த நடுக்க மூல மாதிரியில் தகைவு வீழ்ச்சி, மூலை அதிர்வெண்ணின் மும்மடிக்கேற்ப மாறும். மூலை அதிர்வெண்ணைப் பாதியாகக் கணித்தால் தகைவு வீழ்ச்சி எட்டில் ஒன்றாகிவிடும். அதை நம்பி வரையும் இடர் வரைபடம், குட்டையான கட்டடங்களை உலுக்கும் வேக அதிர்வைக் குறைத்தே காட்டும்.

சரி, தமிழில் எது? தணிவு, நலிவு, மெலிவு மூன்றும் புழங்குகின்றன. கோபம் தணியும், தாகம் தணியும். இருந்த இடத்திலேயே அடங்குவது தணிவு. ஆடும் கட்டடம் மெல்ல நிற்கிறதே, அந்த ‘டேம்பிங்’குக்குத் தணிப்பு பொருந்தும். வழிநெடுகத் தேயும் அலைக்கு மெலிவுதான் சரி. லத்தீன் வேரின் பொருளும் அதுவே. மெலிவுக் கெழு, மெலிவுச் சமன்பாடு என்று ஒட்டு சேர்க்கவும் வசதி.