பெயின்ட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு

2017 ஜூலை 26, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பொருட்காட்சியின் முதல் நாள். ‘ஃபயர் பால்’ என்ற ராட்டினம், ஆடிக்கொண்டே சுழலும் வகை. பெரிய ஊசல் தண்டின் முனையில் ஆறு கூடைகள், கூடைக்கு நான்கு பேர். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடையைத் தாங்கிய இரும்புக் கை ஒடிந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தனர். அந்த ராட்டினத்தை அரசு ஆய்வாளர்கள் முன்னரே பார்த்து அனுமதி கொடுத்திருந்தார்கள். கே.எம்.ஜி. என்ற நெதர்லாந்துத் தயாரிப்பாளர் பின்னர் சொன்ன காரணம் இது: கூடையைத் தாங்கிய அந்தக் கை ஒரு குழாய், அதன் உட்புறம் பல ஆண்டுகளாகத் துருப்பிடித்து, சுவர் ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிட்டது. ராட்டினத்துக்கு அப்போது 18 வயது.

ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தது வெளிப்பக்கத்தை. துரு தின்றது உள்பக்கத்தை.

மூடிய குழாய்க்குள் தண்ணீர் எப்படிப் போகும்? போல்ட் துளை, வயர் நுழையும் ஓட்டை, முழுதாகச் சுற்றி அடிக்காமல் விட்டுவிட்டு அடித்த வெல்டிங் என்று வழிகள் ஏராளம். பகலில் வெயிலில் சூடாகி, இரவில் குளிரும்போது குழாய் ஈரக்காற்றை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே துளியாகிப் படியும். தாழ்வான மூலையில் வடிகால் துளை இருந்தால் வெளியேறும். அந்தத் துளையைப் பட்டியும் பெயின்ட்டும் அடைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும். கடலுக்குப் பக்கத்தில், சென்னைத் தீவுத்திடல் மாதிரி இடத்தில், அந்த ஈரத்தோடு உப்பும் சேரும்.

சுவர் மெலிந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கிடைமட்ட நிலையிலிருந்து விழுந்து ஆடும் ஊசல், அடிப்புள்ளியைக் கடக்கும்போது தண்டில் விழும் இழுவிசை எடையைப்போல மூன்று மடங்கு. 75 கிலோ ஆள் 225 கிலோவாகிறார். ஓர் ஓட்டத்தில் 20 தடவை, நாளுக்கு 50 ஓட்டம் என்றால் 1,000 தடவை. 45 நாள் பொருட்காட்சி முடிவதற்குள் 45,000. ஒரு தடவைக்கு இரும்பு ஒடியாது, திரும்பத் திரும்ப வாங்கித்தான் விரிசல் விடும். வெல்டிங் மூட்டுகளில் இந்த உலோகக் களைப்பின் கணக்கு கொடூரமானது: தகைவு (ஒரு சதுர மி.மீ. இரும்பின் மீது விழும் விசை) இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். 6 மி.மீ. சுவர் 3 மி.மீ. ஆனால் தகைவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 20 ஆண்டு தாங்க வேண்டிய மூட்டு இரண்டரை ஆண்டில் தீர்ந்துவிடும். துருக்குழிகள் விரிசலுக்குத் தொடக்கம் போட்டுக் கொடுப்பதால் நிஜத்தில் இன்னும் சீக்கிரம்.

மணல் மூட்டையை இருக்கையில் வைத்து ஓட்டிக் காட்டுவது இதைக் கண்டுபிடிக்காது. ஒடிவதற்கு முந்தைய ஓட்டம்வரை ராட்டினம் அந்தச் சோதனையில் தேறும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து விரிசல் தேடும் முறையும் வெளிப்பரப்புக்கு மட்டும்தான்.

உள்ளே பார்க்க அல்ட்ராசோனிக் தடிமன் கருவி வேண்டும். அது சுவருக்குள் ஒலியை அனுப்பி, மறுபக்கத்தில் பட்டு எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தடிமனைச் சொல்லும். அதையும் சரியாகப் பிடிக்காவிட்டால் பொய் சொல்லும். பெயின்ட்டுக்குள் ஒலி இரும்பைவிட மிக மெதுவாகப் போகும். அதனால் சாதாரண கருவியில் 1 மி.மீ. பெயின்ட் இரண்டரை மி.மீ. இரும்பு போலத் தெரியும். ஆண்டுக்கு ஒரு கோட் என்று பத்துக் கோட் பூசிய இரும்புக் கையில் இந்தத் தவறு பெரிது. பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவும், அல்லது பெயின்ட்டை விலக்கிக் கணக்கிடும் வகைக் கருவி வாங்கவும். முதலில், ஒவ்வொரு படியின் தடிமனும் தெரிந்த, படிக்கட்டு வடிவ இரும்புக் கட்டையில் கருவியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு தாழ்வான முனையிலும் வெல்டிங் ஓரத்திலும் 25 மி.மீ.க்கு ஒன்றாகக் கட்டம் போட்டு, ஜெல் தடவி அளக்க வேண்டும். மோசமாகத் துருப்பிடித்த சுவரில் எதிரொலி சிதறி, கருவி எண்ணே காட்டாது. அப்போது புரோபை (சுவரில் வைத்து அளக்கும் முனையை) கொஞ்சம் நகர்த்தி, எண் வரும் இடத்தை எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எண் வராத புள்ளிதான் அவர்கள் தேட வேண்டிய புள்ளி. அங்கே துளை வழியாகக் குட்டிக் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு ராட்டினம் எடுப்பவர்கள் தகுதிச் சான்றிதழோடு இந்தத் தடிமன் தாளையும் கேளுங்கள்: எந்தப் புள்ளியில் எத்தனை மி.மீ., வடிவமைப்பில் எத்தனை, போன ஆண்டு எத்தனை. “எல்லாம் ஓகே” என்று ஒரே வரியில் எழுதிய தாளுக்கு மதிப்பில்லை.

ஏறப்போகிறவர்களால் குழாய்க்குள் பார்க்க முடியாது. ஆனால் மழை விட்ட மறுநாள் வெல்டிங் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் வழிந்த கோடு தெரிந்தால் ஏறாதீர்கள். பாகங்களை இணைக்கும் ஆணி (பின்) கழலாமல் பிடிக்க ஆர்-கிளிப் (‘R’ வடிவக் கம்பிக் கிளிப்) இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தாலும் அப்படியே. பழைய வெல்டிங் மேல் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தால் இன்னும் மோசம்: மெலிந்த சுவரில் அடிக்கும் வெல்டிங், விரிசலை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே அடுத்த விரிசலுக்கு இடம் போடும்.