லிட்டில் இந்தியா கடைவீடுகள்: பாதுகாப்பு விதி எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய மளிகைக் கடையோ பாத்திரக் கடையோ மூடும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும்: “இது பாதுகாக்கப்பட்ட வட்டாரம் ஆச்சே, எப்படி மூட விட்டார்கள்?” நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு கடைவீடு என்னும் கட்டடத்துக்கு (கீழே கடை, மாடியில் வீடு) மட்டும். உள்ளே நாற்பது வருடம் கடை நடத்தியவருக்கு அதில் பங்கு இல்லை. இது தெரியாமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1989 ஜூலையில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அரசிதழில் வெளியாயின. பொறுப்பு நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம். இன்று தீவு முழுக்க 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. பெருமாள் கோயில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல் போன்றவை வேறு கணக்கு. அவை தேசிய நினைவுச் சின்னங்கள். தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ், தனிச் சட்டத்தில் வருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்க நிதியுதவிக்கு வழி உண்டு. கடைவீட்டு உரிமையாளர் பொதுவாகத் தன் காசில்தான் செய்ய வேண்டும்.

விதியின் அடிப்படை மூன்று: இருப்பதை முடிந்தவரை அப்படியே வைத்திரு, கெட்டதைப் பழைய முறையிலேயே மீட்டெடு, பழுதை நிதானமாகப் பார். சொல்வதற்கு எளிது. ஒரு கடைவீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் கனம் தெரியும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கச் சுவரை இடிக்கக் கூடாது. மாடியைத் தாங்கும் மர உத்தரங்கள் இருக்க வேண்டும். உளுத்துப்போனால் அதற்குப் பதில் மரம்தான் வர வேண்டும். கூரை களிமண் ஓடு. நடுவில் வானம் பார்த்தபடி இருக்கும் முற்றத்தை ‘இடம் வீணாகிறது’ என்று மூடிவிட முடியாது. நீளமான, ஜன்னலே இல்லாத பக்கச் சுவர்கள் கொண்ட வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வருவது அது வழியாகத்தான். முகப்பில் உள்ள மரப் பலகணிகள், சுண்ணாம்புச் சாந்தில் செய்த பூவேலை, தூண்கள் எல்லாம் இதே விதிக்குள் அடங்கும். கடைப் பெயர்ப் பலகைகூட அந்தப் பூவேலையை மறைக்கக் கூடாது.

அப்புறம் ஐந்தடிப் பாதை. கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் அந்த நடைபாதை 1822இல் ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்திலிருந்தே வருகிறது. கட்டடத்தோடு சேர்ந்த இடம் என்றாலும் நடந்து போகிறவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். சாமான்களை அடுக்கிப் பாதையை அடைத்தால் நடவடிக்கை வரும்.

எல்லா வட்டாரத்துக்கும் ஒரே கண்டிப்பு இல்லை. லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். ஜூ சியாட், ஜாலான் புசார் போன்ற பகுதிகளில் முன்பக்கக் கட்டடத்தை வைத்துக்கொண்டு பின்புறத்தில் உயர்த்திக் கட்ட இடம் தருகிறார்கள். அதனால் தெரிந்தவர் ஜூ சியாட்டில் செய்ததைப் பார்த்து இங்கே திட்டம் போடாதீர்கள்.

பெரிய மராமத்து எதுவானாலும் முதலில் ஆணையத்தின் அனுமதி. தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டமைப்புக்கும் தீப் பாதுகாப்புக்கும் தனி அனுமதிகள் உண்டு. ஒப்பந்தக்காரர் “சின்ன வேலைதான், யாரும் கேட்க மாட்டார்கள்” என்றால் நம்பாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லா வேலைக்கு அபராதம் லட்சக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

இனி தொழில். ஒவ்வொரு தளத்துக்கும் ‘அனுமதிக்கப்பட்ட பயன்பாடு’ என்று ஒன்று பதிவில் இருக்கும். துணிக் கடையாக இருந்த இடத்தைச் சாப்பாட்டுக் கடையாக்க வேண்டுமானால் பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்க வேண்டும். மாடி குடியிருப்பாகப் பதிவாகியிருந்தால் மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. வட்டாரத்தின் மையப் பகுதியில் சில தொழில்களுக்கே இடமில்லை. ஆனால் கவனியுங்கள்: இது எந்த வகைத் தொழில் கூடாது என்கிறதே தவிர, இன்ன கடை தொடர்ந்து இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. மாவு அரைக்கும் கடை போய் அங்கே ஒரு கைப்பேசிக் கடை வந்தால் விதி மீறப்படவில்லை.

முன்பு வேறு ஒரு சட்டம் வாடகைக்காரருக்குத் துணை நின்றது. போருக்குப் பின், 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை ஏற விடாமல் பிடித்து வைத்தது. அதனால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்க்காமல் விட்டார்கள், கட்டடங்கள் சிதைந்தன. 2001இல் அந்தச் சட்டம் முழுதாக நீங்கியது. கட்டடங்கள் பளிச்சென்று ஆயின, வாடகை சந்தை விலைக்குப் போனது. வணிகப் பயன்பாட்டு நிலத்தில் இருக்கும் கடைவீட்டை வெளிநாட்டவரும் தனி அனுமதியின்றி வாங்கலாம். இனி எண்ணிக்கை பெருகாத பொருள் என்பதால் முதலீட்டாளர்கள் தேடி வருகிறார்கள். பாதுகாப்பு முத்திரையே விலையை ஏற்றுகிறது. அந்த விலை கடைசியில் பூக்கட்டி விற்பவரின் வாடகையில் வந்து விழுகிறது. திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. சுவரைக் காத்த அளவு அக்கறையை அதற்குள் இருந்த வாழ்க்கைக்கும் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது இருக்கும் உதவிகள் குறைவு. 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் நியாயமான நிபந்தனைகளை வற்புறுத்துகிறது. வாடகைத் தொகைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. 2025இல் மரபுடைமைக் கழகம் மரபு வணிகங்களை அங்கீகரிக்கத் தொடங்கியது. அங்கீகாரமும் ஆலோசனையும் விளம்பர உதவியும் கிடைக்கும். வாடகை அதில் சேராது.

கடை எடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆணையத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டி அது பாதுகாக்கப்பட்ட கட்டடமா, எந்த வட்டாரம் என்று பார்த்துவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்ன என்பதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் சான்று கேளுங்கள். கூரை, உத்தரம், பலகணி பழுதானால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடங்களில் அது சாதாரணச் செலவு அல்ல. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமையையும் அப்போது வாடகை எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். கடை சூடுபிடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.