நோயாளி ஒன்று, காரணம் பக்கத்தில் இருப்பது

ஒரே தொந்தரவோடு திரும்பத் திரும்ப சிகிச்சைக்கு வரும் விலங்கைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதோடு கூட வேறு யார் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். பரிசோதனை மேசைக்கு வருவது ஒரு விலங்கு மட்டும். அதை நோயில் தள்ளியது பல நேரம் வீட்டிலேயே சௌகரியமாகப் படுத்திருக்கும்.

பூனைகளில் இது சர்வசாதாரணம். சிறுநீரில் ரத்தம், சொட்டுச் சொட்டாகப் போவது, மணல் தட்டை விட்டுக் கண்ட இடத்தில் போவது. சோதித்தால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. காரணம் பிடிபடாத இந்தச் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்த அழுத்தம் பல நேரம் வீட்டிலுள்ள இன்னொரு பூனையிடமிருந்து வருகிறது. "சண்டையே போடுவதில்லையே டாக்டர்" என்பார்கள். உண்மைதான். பூனைகளின் பகையில் சத்தம் குறைவு. ஒன்று வழியில் படுத்துக்கொண்டு முறைத்துப் பார்க்கும். மற்றது தண்ணீர்க் கிண்ணம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும். நாள் முழுக்க நடந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஹெர்பிஸ் வைரஸ் உடலில் ஒளிந்திருந்து அழுத்தம் வந்தால் தலைதூக்கும்; குட்டியில் அந்தத் தொற்று வந்து அடங்கிய பூனைக்கு, புதுப் பூனை வந்த ஒன்றிரண்டு வாரங்களில் மறுபடி தும்மலும் கண்ணில் நீரும் தொடங்குவதும் இதே கதைதான்.

பால் பண்ணையில் பலமான மாடுகள் தொட்டியை அடைத்துக்கொள்ளும். முதல் ஈற்று மாடுகள் ஒதுங்கி நின்று, மிச்சத்தை அவசர அவசரமாகத் தின்னும். படுக்க இடம் கிடைக்காமல் கான்கிரீட் தரையில் நின்றே நேரம் போகும், குளம்பு கெடும். குளம்பைச் சீவி மருந்து வைத்து அனுப்பினால், அதே தரையில்தான் மறுபடி போய் நிற்கப்போகிறது.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அந்த வரிசை உடலுக்குள் என்ன செய்கிறது என்பது பின்னால்தான் தெளிந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 45 பெண் ரீசஸ் குரங்குகளைச் சிறு குழுக்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முன்னால் வந்தவை பொதுவாக மேலே, பின்னால் வந்தவை கீழே. கீழே இருந்தவற்றின் நோய் எதிர்ப்பு அணுக்களில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. அப்புறம் குழுக்களைக் கலைத்து இடத்தை மாற்றினார்கள். மரபணுக்களின் போக்கும் கூடவே மாறியது. எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பின்பாதிதான். இருக்கும் நிலையை மாற்றினால் உடலும் மாறுகிறது.

சரி, முதலிடத்தில் இருப்பது சுகமாக இருக்குமா? கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் 2011-ல் சொன்னது வேறு. முதலிடத்து ஆணுக்கு அழுத்த ஹார்மோன் இரண்டாம் இடத்து ஆணைவிட நன்றாகவே அதிகம். சண்டையும் இணையைக் காவல் காப்பதும் அவ்வளவு வேலை வாங்குகின்றன. ஆனால் அதே அம்போசெலியில் உயர்ந்த இடத்து ஆண்களுக்குக் காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு காட்டியது. வரிசை அடிக்கடி கலையும் கூட்டத்தில் மேலே இருப்பவைகூட அடிபடும்: அடிக்கடி குழு மாற்றப்பட்ட சினோமோல்கஸ் குரங்குகளில், ஆதிக்க ஆண்களின் இதயத் தமனிகளில்தான் கொழுப்புப் படிவு அதிகம். புதிதாக ஒரு விலங்கைக் கொண்டுவரும்போது பழைய விலங்குகள் எல்லாமே தம் இடத்துக்காக மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இதற்காகத் தனியாக வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நல்ல துணையுள்ள பெண் பபூன்கள் நீண்ட நாள் வாழ்கின்றன. பழகிய துணை அருகே இருந்தால் கினிப் பன்றிக்குப் புது இடத்தில்கூட அழுத்த ஹார்மோனான கார்டிசால் அவ்வளவு ஏறாது. அதனால் ஒன்றைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும்போது, ஒட்டும் நோய் இல்லையென்றால், ஜோடியாகக் கொண்டுவரச் சொல்வேன். நெருக்கத்துக்கு விலையும் உண்டுதான். ஆப்பிரிக்காவில் கூட்டமாக வாழும் சிறு விலங்கான மீர்கேட்டுகளில் மற்றவற்றை அதிகம் கோதிவிடுபவையே காசநோயில் அதிகம் சிக்குகின்றன.

செய்யக்கூடியது என்ன? சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாவற்றையும் ஒன்றின் பார்வையில் மற்றது படாத இடங்களில் பிரித்து வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருக்கட்டும். தட்டுகளை ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு. அதை ஒரு பூனையே மறித்துவிடும். பண்ணையில் எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில் தின்ன இடம் வேண்டும். இளம் மாட்டை மந்தையில் சேர்க்கும்போது தனியாக விடாமல், பழகிய இன்னொன்றோடு விடுங்கள். புது விலங்கைக் கொஞ்ச நாள் தனியறையில் வைத்து, முதலில் வாசனை, அப்புறம் பார்வை, கடைசியில் சந்திப்பு என்று போனால் நோய்த்தொற்றும் தெரிந்துவிடும், சண்டையும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் கிண்ணத்தை இடம் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கூட இருக்கும் பூனையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.