வனாந்தர வரைபடத்தில் பச்சையை மட்டும் பார்க்காதீர்கள்

வனாந்தரப் பகுதி என்று பச்சை தீட்டிய வரைபடம் என் மேசைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சாலை லேயர், அதாவது சாலைகளை மட்டும் காட்டும் தரவு அடுக்கு, எங்கிருந்து எடுத்தது, எந்த வருடத்தது? ஜிஐஎஸ் வேலையில், அதாவது கணினியில் வரைபடம் போடும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். அந்த வரைபடத்தை வைத்து முடிவெடுக்கும் அதிகாரிகளும் பாதுகாப்பு ஆர்வலர்களும் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

வனாந்தரத்தை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. மனிதனின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தை வரைகிறோம், அவ்வளவுதான். 1989-ல் மெக்லாஸ்கி, ஸ்பால்டிங் என்ற இருவர் உலகம் முழுவதற்கும் போட்ட கணக்கும் அப்படித்தான். விமானிகள் பயன்படுத்தும் வரைபடங்களை எடுத்துக்கொண்டு, சாலை, ஊர், ரயில்பாதை போன்ற எதுவும் குறிக்கப்படாத, 4 லட்சம் ஹெக்டேருக்குக் குறையாத நிலங்களைப் பிரித்தார்கள். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறியது. 3 லட்சம் ஹெக்டேர் காடு எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டமோ 5,000 ஏக்கரையே போதுமான அளவாகச் சொல்கிறது. வரம்பை மாற்றினால் வனாந்தரமும் மாறிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 1980-களில் ஆம், இல்லை என்று பிரிப்பதை விட்டுவிட்டு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம், பாதையிலிருந்து எவ்வளவு தூரம், பார்வைக்குக் கட்டுமானம் ஏதும் உண்டா, உயிர்ச்சூழல் எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்று நான்கு அளவுகள். என் கணக்கில் இது நல்ல திருப்பம். ஆனால் நான்கையும் கூட்டும்போது எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்துதான் தீர்மானிக்கிறார். அது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

தூரத்தை அளக்கும் விதத்தில்தான் பெரிய விளையாட்டே இருக்கிறது. நார்வேயின் கணக்கில், பெரிய கட்டுமானம் எதிலிருந்தும் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது வனாந்தரம், அளப்பது நேர்கோட்டில். இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பரந்த வனாந்தரத்தின் நடுவே ஒரே ஒரு காற்றாலை நட்டால், அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் விழும். 78 சதுர கிலோமீட்டருக்கு மேல் அந்த வகையிலிருந்து வெளியே போய்விடும். நிலத்தில் பிடித்த இடம் சில சென்ட்தான். திட்ட அறிக்கை அந்தச் சில சென்டை மட்டும் காட்டினால், இந்த வட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நேர்கோட்டின் குறை, அதற்கு மலை தெரியாது. ஸ்காட்லாந்தில் 2014-ல் 42 காட்டுநிலப் பகுதிகளை வரைந்தபோது, சாலையிலிருந்து நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தார்கள். அதற்கு அடிப்படை நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-ல் சொன்ன விதி: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். சமவெளியில் சாலையிலிருந்து 3 மைல் தள்ளி இருக்கும் இடத்துக்கு ஒரு மணியில் போகலாம். அதே 3 மைலில் 2,000 அடி ஏற வேண்டியிருந்தால் இரண்டு மணி. நேர்கோட்டில் ஒரே தூரத்துக்குப் போடும் எல்லைக்கு (பஃபர்) இரண்டும் ஒன்றே. நடுவில் கடக்க முடியாத ஆறு இருந்தால் நடைக்கணக்கு இன்னும் மாறும். ஆற்றை லேயரில் தடையாகக் குறித்திருந்தால்!

சரி, சாலை லேயருக்கு வருவோம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, 30 மீட்டர், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர். மரக்கிளைகள் மூடிய 4 மீட்டர் அகல லாரித் தடம் இரண்டிலுமே தப்பிவிடும். தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய ஆள் இல்லாத வட்டாரம் காலியாகத்தான் தெரியும். காலியாகத் தெரிவதெல்லாம் கணக்கில் காடாகிவிடுகிறது. இரவு வெளிச்சப் படங்களை நம்பினால், மின்விளக்கு இல்லாத ஊர்களும் இதே கதிதான்.

ஊர்கள் விடுபடுவது வெறும் தரவுப் பிழை இல்லை. 1872-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறைகளாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு இடமில்லாமல் போனது. பின்லாந்து வேறு மாதிரி செய்தது. 1991-ல் வடக்கே 12 வனாந்தரப் பகுதிகளைச் சட்டமாக்கியபோது, அங்குள்ள பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் பண்பாட்டையும் இயற்கை சார்ந்த தொழில்களையும் காப்பது நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கலைமான் மேய்ப்பு அங்கே தொடர்கிறது. மேய்ச்சல் தடத்தையும் சுரங்கச் சாலையையும் ஒரே வகையில் போட்டு மதிப்பெண் குறைக்கும் லேயரைப் பார்த்தால், உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கள ஆய்வு. ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டு எல்லோரும் காட்டின் நடுவுக்குப் போகிறார்கள். படமும் அழகாக வரும். ஆனால் போக வேண்டியது ஓரத்துக்கு. வரம்பை 5 கிலோமீட்டரிலிருந்து 4-ஆகவும் 6-ஆகவும் மாற்றி மூன்று எல்லைகள் வரையச் சொல்லுங்கள். மூன்றும் ஒட்டிப்போகும் இடத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம். கோடுகள் விலகும் இடங்களில் நடந்து, புதிய வெட்டுமரக் கட்டை, வேலி, டயர் தடம் எது கிடைத்தாலும் தேதியோடு குறித்துவரச் சொல்லுங்கள்.