அதிகாரப் பிரிவினை: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'செப்பரேஷன் ஆஃப் பவர்ஸ்' எனப்படுவதைத் தமிழ்நாட்டில் 'அதிகாரப் பிரிவினை' என்கிறோம். இலங்கைத் தமிழில் 'வலுவேறாக்கம்'. 'அதிகாரப் பகிர்வு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே நடப்பதுதான் பகிர்வு. இங்கே சொல்லப்படுவது வேறு: சட்டம் இயற்றுதல், அதைச் செயல்படுத்துதல், வழக்கைத் தீர்த்தல் ஆகிய மூன்றும் ஒரே கையில் குவியக் கூடாது என்பது. 1748-இல் பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

'பிரிவினை' என்றதும் பாகப்பிரிவினைதான் நினைவுக்கு வருகிறது. பத்திரம் பதிந்தபின் அண்ணன் வயலில் தம்பிக்கு வேலையில்லை. ஆட்சியில் அப்படி இல்லை. ஒரு துறை செய்வதை மற்றது கேள்வி கேட்டே ஆக வேண்டும். அதனால் இலங்கை வழக்கைத் தழுவி 'அதிகார வேறாக்கம்' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க அலங்காநல்லூர் வாடிவாசல் போதும். 2006-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2009-இல் சட்டமன்றம் அதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. 2011-இல் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டத்தையே செல்லாததாக்கியது. 2016-இல் மத்திய அரசு வெறும் அறிவிக்கையால் அனுமதி கொடுக்கப் பார்த்தது. நீதிமன்றம் அதையும் நிறுத்திவைத்தது. 2017 ஜனவரியில் இளைஞர்கள் திரண்டபோது முதலில் அவசரச் சட்டம், பிறகு சட்டமன்றத்தில் திருத்தம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டமன்றம் அதை ரத்து செய்ய முடியாது. தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மாற்றலாம். அப்படி மாற்றியதும் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. பதினேழு ஆண்டுகள் இழுத்தது உண்மை. ஆனாலும் எந்தத் துறையும் தனியாக முடிவு கட்டிவிடவில்லை. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் நாட்டில் வேறாக்கம் முழுமையானதல்ல. அமைச்சர்கள் சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள். அரசமைப்பின் 50-ஆம் கூறு, நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு நிற்கிறது.

இதன் துணைச்சொல் 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' (checks and balances), அதாவது மூன்று துறைகளும் ஒன்றையொன்று தடுத்துச் சமன்செய்வது. 'கட்டுப்பாடுகளும் சமநிலைகளும்' என்ற மொழிபெயர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுப்பாடு மேலிருப்பவர் கீழிருப்பவர்மீது விதிப்பது; இந்த மூன்றில் மேல் கீழ் கிடையாது. 'தடுப்பும் சமனும்' எனலாம். நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலைச் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்கிறார். ஆகவே 'சமன்' புதிதாகச் செய்த சொல்லும் அல்ல.