வெட்டிக் கொடுத்த நாலு மாத்திரை

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் கொள்முதல் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி வந்த மூதாட்டி ஒருவர், "பிரஷர் மாத்திரை நாலு மட்டும் வெட்டிக் குடுப்பா" என்று கேட்டார். கடைக்காரர் அட்டையில் கத்தரி வைத்தார். தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட முனை கடையிலேயே தங்க, வெறும் நாலு மாத்திரை அவர் கைக்குப் போனது. வாரத்துக்கு ஏழு வேண்டுமே என்று விசாரித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் இது காசில்லாமல் கிடைக்குமே அம்மா என்றதற்கு, "சும்மா குடுக்கிற மாத்திரை கேக்குமா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

மதுரை வட்டாரத்தில் மருந்து ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, போலி மருந்தைக் காட்டிலும் இந்தக் கேள்விதான் அதிகச் சங்கடம் தந்தது. மருந்தின் தரம், விலை, அதை நம்பிச் சாப்பிடும் மனம் ஆகிய மூன்றும் அரசுக் கோப்புகளில் வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பாக இருக்கலாம். கடைக்கு வருபவருக்கு அவை மூன்றல்ல.

ஆய்வாளர் என்றால் கடைக்குச் சீல் வைப்பவர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் முக்கியமான வேலை, மாதிரி எடுப்பது. அதையும் இலவசமாக எடுக்க முடியாது. உரிய விலையைக் கொடுக்க முன்வந்து, கடையில் எடுக்கும் மாதிரியைப் பொதுவாக நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, ஒன்றை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் அறிக்கையை ஏற்காதவர், நகல் கிடைத்த 28 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். இத்தனை நிதானம் ஏன் என்று பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. மாதிரி எடுத்த முறையில் சிறு குறை இருந்தாலும் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது என்பதைக் கண்ட பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

ஆனால் மாதிரி எடுக்காமல் விடப்படும் மருந்துக்கு இந்த நிதானம் உதவாது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து ஒன்றைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். கரைப்பானில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள், அந்த மருந்தில் 48.6 சதவீதம் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. எங்கள் துறையில் வேலை பார்த்த எவரும் அந்தச் செய்தியை வெறும் செய்தியாக வாசித்திருக்க மாட்டார்கள்.

மூதாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைக் கொள்முதல் செய்வதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்குக்கு வந்திறங்கும் மருந்து நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவதில்லை. மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் தேறும்வரை அந்தத் தொகுதி தனியே நிறுத்திவைக்கப்படுகிறது. மொத்தமாகக் கேட்டு வாங்குவதால் விலை குறைகிறதே ஒழிய, மருந்தின் வீரியம் குறைவதில்லை. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

விலையைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. 2022இல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இத்தகைய மருந்துகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்படுகிறது. காப்புரிமை பெற்ற மருந்துக்கும் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் ஆகிய ஒரு புற்றுநோய் மருந்துக்கு 2012இல் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கப்பட்டபோது, அது 8,880 ரூபாய்க்கு இறங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியாக 1992இல் உருவான ஆரோலேப், அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த, கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் கண்ணுள் வில்லையை மதுரையிலேயே மிகக் குறைந்த விலையில் தயாரித்தது. 2005இல் கண்ணுள் வில்லையும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. மலிவாகச் செய்தால் தரம் குறையும் என்று வாதிடுபவர்களிடம் நான் இந்த வில்லையைத்தான் காட்டுவேன்.

மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே மருந்தியல் கல்லூரி இருக்கிறது. மருந்தியல் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கம்பெனி வேலை அல்லது சொந்தக் கடை என்ற இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மருந்தியல் பட்டம் பெற்றவர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக ஆய்வாளர் பணிக்கு வரலாம். தடுப்பூசி போன்ற உயிரியல் மருந்துகளின் தயாரிப்பை ஆய்வு செய்ய, கூடுதலாகக் குறைந்தது 18 மாதத் தயாரிப்பு அல்லது சோதனை அனுபவம், இல்லையேல் 3 ஆண்டு ஆய்வு அனுபவம் கேட்பார்கள். வெயிலில் அலைய வேண்டும், பகையும் சம்பாதிக்க நேரும். மேலூர்ப் பக்கம் ஒரு கடையில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினை வைத்துக்கொண்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரிட்ஜை அணைத்திருந்தார்கள். நடவடிக்கை எடுத்தேன், கடைக்காரர் வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரையை வெட்டி வாங்க நேர்ந்தால் தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தால் ஒவ்வாமையோ வேறு பாதிப்போ ஏற்பட்டால், மருத்துவரைப் பார்ப்பதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

அந்த மூதாட்டியின் ஊரைக் கேட்டுக்கொண்டு, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலரிடம் சொல்லிவைத்தேன். மறுமுறை அவ்வழியே போனபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: முழு அட்டையைக் கையில் கொடுத்ததும் பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தேதி எங்க போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லு தாயி" என்றாராம்.